மருந்துக்குத் தடை இல்லை

பாப்பா,

உன் பழைய நோட்டில் நீ எழுதாமல் விட்ட பக்கங்கள் நிறைய இருந்தன. அதில்தான் எழுதுகிறேன். நான் படித்தது ஐந்தாவது வரை. எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் எழுத வருகிறது. தப்பு இருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள். வாயால் சொல்லிவிடலாம் என்று மூன்று நாளாக உன் பக்கத்தில் வந்து வந்து நின்றேன். ஒவ்வொரு தடவையும் நீ நிமிர்ந்து பார்த்து, "என்னம்மா, டீயா?" என்று கேட்டாய். நான் டீ போட்டுக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். மூன்று நாளில் எத்தனை டீ குடித்திருப்பாய் என்று தெரியவில்லை.

நாளை மறுநாள் நீ டெல்லிக்குப் போகிறாய். மில்லில் வேலை பார்த்தவர் மகள், முத்தியால்பேட்டையில் ஒரே அறை வீட்டில் படித்தவள், வெளிநாட்டு விவகாரம் பார்க்கிற அதிகாரி ஆவதற்கு இன்டர்வியூவுக்குப் போகிறாள். உன் அப்பா இருந்திருந்தால் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பார். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் சந்தோஷம் என்று மனசுக்குத் தெரிகிறதே தவிர உடம்பில் ஒன்றும் ஏறுவதில்லை. உன் அண்ணன் போனதிலிருந்து அப்படித்தான் இருக்கிறேன். அழுகையும் வரவில்லை. குழம்பில் உப்பு இருக்கிறதா என்று நாக்கில் வைத்துப் பார்த்தால்கூட, இருக்கிறது என்று தெரியும், அவ்வளவுதான்.

இந்தப் பத்து நாளாக நீ அந்தப் பதிலைச் சொல்லிச் சொல்லிப் பழகுகிறாய். இன்டர்வியூவைத் தமிழிலேயே சொல்லலாம் என்று நீ எழுதிக் கொடுத்ததால் எனக்கு எல்லாம் புரிகிறது. போன ஞாயிற்றுக்கிழமை என்னையே சேர்மனாக உட்கார வைத்தாய். கேள்வியைத் தாளில் எழுதிக் கொடுத்து, "நீ கேளும்மா, நான் பதில் சொல்றேன்" என்றாய். நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். "ஒரு பகை நாடு அணுகுண்டு செய்யலாம் என்று சந்தேகம் வந்தால் நாம் என்ன செய்ய வேண்டும்?" நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "ஏம்மா, ரேஷன் கடையில கார்டு எங்கன்னு கேக்குற மாதிரியே கேக்குற!" பிறகு முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து பதிலைச் சொன்னாய்.

அது எனக்கு இப்போது மனப்பாடம். மூன்று வழி இருக்கிறது ஐயா. ஒன்று, குண்டு போட்டு அந்த இடத்தை அழிப்பது. இரண்டு, உட்கார வைத்துப் பேசுவது. மூன்று, பொருளாதாரத் தடை. அழித்தால் போர் வரும். வெறும் பேச்சு என்றால் அவர்கள் நாளைக் கடத்துவார்கள். தடைதான் ரத்தம் சிந்தாத வழி. உணவுக்கும் மருந்துக்கும் தடையில் விலக்கு உண்டு. என் அண்ணன் அப்படித் தடையில் மாட்டிய ஒரு கப்பலில் இருந்தபோது மாரடைப்பில் இறந்தார். அது எங்கள் வீட்டுத் துக்கம். அதற்காகத் தடை தவறு என்று நான் சொல்லமாட்டேன்.

அண்ணன் வரியைச் சேர்க்கச் சொன்னது சென்னையில் உனக்குச் சொல்லிக்கொடுக்கிற சார். சொந்தத் துக்கத்தையும் நாட்டுக் காரியத்தையும் பிரித்துப் பார்க்கிற பெண் என்று போர்டுக்குத் தெரியும் என்றாராம். நல்ல யோசனைதான். ஆனால் பாப்பா, அது மாரடைப்பு இல்லை. மாரடைப்பு என்று உனக்குச் சொன்னது நான். நான் சொன்ன பொய்யை நீ டெல்லி வரைக்கும் கொண்டுபோய் அவர்கள் முன்னால் வைக்கப் போகிறாய். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

உன் அண்ணன் சேகருக்குச் சுகர் இருந்தது. அதுவே உனக்குத் தெரியாது. இருபத்தாறு வயதில், வெல்டிங் பட்டறையில் கால் கிழித்துக்கொண்டு ஒரு மாதமாகப் புண் ஆறவில்லை. தனியாரில் ரத்தம் பார்த்தோம். தாளைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, வெட்கம். இந்த வயதில் சுகர் என்றால் எவன் பெண் கொடுப்பான், நாளைக்கு உனக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது குடும்ப நோய் என்பார்களே என்று நினைத்தேன். எனக்குக் கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் சுகர் நோட்டு இருக்கிறது அல்லவா, அவனுக்கும் அங்கேயே நோட்டுப் போட்டிருந்தால் மாத்திரை சும்மாவே கிடைத்திருக்கும். ஆனால் அந்த வரிசையில் நம் தெருக்காரர்கள் பாதிப் பேர் நிற்பார்கள். அதனால் அவன் பேரில் நோட்டே போடவில்லை. என் நோட்டில் வாங்கிவந்த மாத்திரையை ஆளுக்குப் பாதியாகப் பிரித்தேன். காலையில் இட்லியோடு அவன் தட்டில் வைப்பேன். ஒரே வீட்டுச் சோறு, ஒரே வீட்டு நோய், மாத்திரையையும் பங்கு போட்டால் என்ன என்று நினைத்தேன். பாதி மாத்திரை இரண்டு பேருக்கும் போதாது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தேன்.

கப்பல் வேலை வந்தபோது மெடிக்கல் பார்ப்பார்கள் என்றார்கள். "சுகர்னு சொன்னா எவன்டா ஏத்துவான்? வாயத் தொறக்காத" என்றேன். மூன்று நாள் அவனுக்குச் சோறு போடவில்லை, மோரும் வெள்ளரிக்காயும்தான். மாத்திரையை இரட்டிப்பாகக் கொடுத்தேன். தலை சுற்றுகிறது என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். மெடிக்கலில் தேறிவிட்டான். நான் ஊறுகாய் பாட்டிலைக் கழுவிக் காயவைத்து, ஒன்பது மாத ஒப்பந்தத்துக்கு ஆகிற மாத்திரையை அதில் நிரப்பிக் கொடுத்தேன். அதற்காக நாலு மாதம் நான் மாத்திரையே போடவில்லை. அப்போதுதான் என் கண் மங்கியது. வயசாகுது என்று உன்னிடம் சொன்னேன். யாராவது கேட்டால் வைட்டமின் என்று சொல்லச் சொல்லித்தான் அவனை அனுப்பினேன்.

அது எண்ணெய்க் கப்பல். வயசான கப்பல். எங்கே போய் எண்ணெய் ஏற்றும் என்று ஏஜென்ட் சொல்லவில்லை, ஏறின பிறகுதான் அவனுக்கே தெரியும். அணுகுண்டு செய்கிறது என்று மற்றவர்கள் தடை போட்டிருந்த ஒரு நாட்டில்தான். நமக்கும் அந்த நாட்டுக்கும் ஒரு பகையும் இல்லை, வேறு யாருக்கோ பகை. அந்தப் பேரை நான் எழுதவில்லை. எழுதினால் படிக்கிறவர்கள் அந்தப் பேருக்குச் சண்டை போடுவார்கள், என் பிள்ளையை விட்டுவிடுவார்கள். அவன் போனில் சிரித்துக்கொண்டே சொன்னான், "ம்மா, கப்பலுக்கு மூணாவது பேரு வச்சாச்சு. நான்தான் தொங்கிக்கிட்டு எழுதினேன். நம்ம தெரு நாய்க்குக்கூட ஒரே பேருதான்மா." எனக்கும் அப்போது சிரிப்பு வந்தது. பிறகு அந்தக் கப்பல், தடையை மீறின கப்பல்கள் என்று யாரோ போட்ட ஒரு பட்டியலில் ஏறிவிட்டது. முதலாளி போனை எடுக்கவில்லை. அந்த நாட்டுத் துறைமுகத்துக்கு வெளியே கடலில் நங்கூரம் போட்டு நிறுத்திவிட்டார்கள். ஆள் இல்லாமல் கப்பலை விடக்கூடாதாம், மாற்று ஆள் வந்தால்தான் இவர்கள் இறங்கலாமாம். பட்டியலில் இருக்கிற கப்பலுக்கு எவன் மாற்று ஆள் வருவான்? ஒன்பது மாத ஒப்பந்தம் முடிந்து, அதற்கு மேலும் ஏழு மாதம் அப்படியே நின்றார்கள்.

பாதி பாதியாகப் போட்டு நாளை ஓட்டியும் மாத்திரை தீரப் போகிறது என்று சொன்னான். நான் நேரு வீதிப் பக்கம் ஒரு பார்சல் கடைக்குப் போனேன். நாட்டுப் பேரைச் சொன்னதும் அந்தப் பையன் தலையை ஆட்டினான். "அந்த ஊருக்கு எடுக்கிறதில்லம்மா." மருந்துதான்ப்பா, வெறும் மாத்திரை என்றேன். "மருந்தா? கேக்கவே வேணாம்." அடுத்த கடைக்குப் போனேன். அங்கே இருந்தவர் கொஞ்சம் வயசானவர், கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தார். நான் சொன்னேன், "மருந்துக்குத் தடை இல்லன்னு டிவியில சொல்றாங்களே சார்." அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "தடை இல்லம்மா. எடுத்துட்டுப் போறதுக்கு ஆளு இல்ல" என்றார். நான் மாத்திரைப் பொட்டலத்தை முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். நீ அந்த வரியை ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் எனக்கு அந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றுவதுதான் தெரிகிறது.

தடை என்றால் என்ன என்று நீதான் எனக்கு விளக்கினாய். ஊரே சேர்ந்து ஒரு வீட்டை ஒதுக்கி வைக்கிற மாதிரி என்றாய். அந்த வீட்டில் குழந்தை இருந்தால் என்று கேட்டேன். "குழந்தைக்குப் பால் குடுக்கலாம்மா, அதுக்கு விலக்கு இருக்கு." நான் விடவில்லை. "யாரு கொண்டுபோய்க் குடுப்பா? குடுத்தவளையும் ஒதுக்கிடுவாங்களேன்னு பயப்பட மாட்டாளா?" நீ என் தோளில் தட்டி, "நீ போர்டுல இருந்தா நான் ஃபெயிலும்மா" என்றாய். நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அரிசி களைய எழுந்து போனேன்.

இனிமேல் எழுதப் போவதுதான் கஷ்டம். அவன் கடைசியாகப் பேசியபோது, "ம்மா, மாத்திரை இன்னும் ஒம்போதுதான் இருக்கு. நாளைக்குக் கால்வாசி போட்டுக்கறேன்" என்றான். வேறு என்னடா என்றேன். "கால்ல தகரம் கிழிச்சுடுச்சு. கொஞ்சம் வீங்கியிருக்கு. கேப்டன்கிட்ட சுகர்னு சொல்லிடட்டுமா? கரையில டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவாங்க." அன்று காலையில்தான் ஏஜென்ட் என்னிடம் பத்து நாளில் மாற்று ஆள் வருகிறார்கள் என்று சொல்லியிருந்தார். நான் சொன்னேன், "சொல்லாத தம்பி. பொய் சொல்லி ஏறினேன்னு சம்பளத்த நிறுத்திடுவாங்க. அப்புறம் எந்தக் கப்பல்லயும் ஏத்த மாட்டாங்க. இவ்ளோ நாள் பொறுத்துட்ட, பத்து நாள் பொறு." காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "சரிம்மா" என்றான்.

அவனோடு கப்பலில் இருந்த சமையல்காரத் தம்பி, ஆந்திராப் பையன், காரியம் முடிந்த பிறகு எனக்குப் போன் செய்தான். நாலு நாள் காய்ச்சலாம். கேப்டன் இரண்டு தடவை வந்து கேட்டாராம், உனக்கு வேறு ஏதாவது நோய் இருக்கிறதா என்று. "இல்ல சார்னே சொன்னான்மா" என்றான் அந்தப் பையன். நினைவு தப்பின பிறகுதான் கேப்டன் கரைக்குப் படகு கேட்டார். பட்டியலில் இருக்கிற கப்பல், கிட்டப் போனால் தன் படகும் பட்டியலில் ஏறிவிடும் என்று ஒரு படகுக்காரனும் வரவில்லை. ஒன்றரை நாள். படகு வந்தபோது அவன் உயிரோடு இல்லை. கொடுத்த தாளில் இதயம் நின்றுவிட்டது என்று இருந்தது. கடைசியில் எல்லாருக்கும் இதயம்தானே நிற்கிறது. நான் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். நீ பரீட்சை எழுதிவிட்டு ஓடிவந்து கேட்டபோது, மாரடைப்பு என்றேன். அவன் வந்த பெட்டியைத் திறக்கக்கூடாது என்றார்கள். நாம் திறக்கவில்லை.

நான் உனக்குக் கொள்கை சொல்லிக்கொடுக்கிற ஆள் இல்லை. அந்தக் குண்டை அவர்கள் செய்துகொள்ளட்டும் என்றும் நான் சொல்லவில்லை. அது விழுந்தால் என்ன ஆகும் என்று நீ காட்டிய படத்தைப் பார்த்தேன். போன வாரம் பெரிய மார்க்கெட்டில் மீன்கார அஞ்சலை, போனில் யாரோ விமானம் குண்டு போடுவதைக் காட்ட, கத்தியைத் தூக்கிக்கொண்டு சொன்னாள், "ஒரே போடா போட்டு முடிக்கணும் சேகரம்மா. உன் புள்ளய முழுங்கின ஊரு." அங்கேயும் உன்னை மாதிரி மீன் விற்கிறவள் ஒருத்தி இருப்பாள் என்றேன். "இருக்கட்டும், அவளுக்கு நானா பாவம் பாக்கணும்? சங்கரா எடுக்கறியா, நெத்திலி போடட்டுமா?" என்றாள். நெத்திலி வாங்கி வந்தேன். அவள் நல்லவள்தான். எனக்காகத்தான் கோபப்படுகிறாள். எனக்கு அந்த ஊர் மேல் கோபம் வரவில்லை. தடை போட்டவர்கள் மேலும் வரவில்லை. எங்கே வைப்பது என்று தெரியாமல் கோபம் எங்கேயோ நின்றுவிட்டது.

குண்டு போடுவதைவிடத் தடை மேல் என்று நீ சொல்வது சரியாகவே இருக்கலாம். எனக்குத் தெரியாது. ரத்தம் சிந்தாத வழி என்று மட்டும் சொல்லாதே. நாளைக்கு நீ அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஒரு தாளில் மருந்துக்கு விலக்கு என்று எழுத வேண்டி வந்தால், அதோடு பேனாவை மூடிவிடாதே. அந்த மருந்தை யார் எடுத்துப் போவார், எந்தப் பேங்க் பணம் வாங்கும், எந்தப் படகு வரும், பயப்படாதே போ என்று அந்தப் படகுக்காரனுக்கு யார் சொல்வார் என்று அதற்குக் கீழே எழுது. அதை எழுத இடம் இல்லை என்று பெரியவர்கள் சொன்னால், எங்கள் வீட்டில் இப்படி ஆனது என்று சொல். ஆனால் சொன்னால் முழுதாகச் சொல். தடைதான் கொன்றது என்று எல்லாவற்றையும் அந்தப் பக்கமே தள்ளிவிடாதே. அப்படிச் சொன்னால் கேட்கிறவர்கள் இரக்கப்படுவார்கள், அதுவும் ஒரு பொய். வாயைத் திறக்காதே என்றது நான். கப்பலுக்குப் பேரை மாற்றி மாற்றி வைத்து மறைத்தார்கள், என் பிள்ளைக்குச் சுகரே இல்லை என்று நான் மறைத்தேன். அந்த நாடும் குண்டு செய்கிறோமா இல்லையா என்று சொல்லாமல் மறைக்கிறதாம், நீதான் சொன்னாய். மறைத்தவர்கள் யாரும் அந்தக் கடலில் நிற்கவில்லை. அவன்தான் நின்றான்.

உனக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அப்பா வழியிலும் என் வழியிலும் சுகர் இருக்கிறது. டெல்லியிலிருந்து வந்ததும் ரத்தம் கொடு. உன் பேரிலேயே நோட்டுப் போடு. யார் பார்த்தாலும் பார்க்கட்டும். அதனால் ஒரு கல்யாணம் நின்றால் நின்றுவிட்டுப் போகட்டும். இதை நம் தெருவில் யார் படித்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. இன்னும் இரண்டு வீட்டுப் பிள்ளைகள் கப்பலில் இருக்கிறார்கள். அவர்கள் அம்மாக்களிடம் நீயே படித்துக் காட்டலாம்.

போன மாதம் கோரிமேட்டுக்கு என்னோடு வந்தாய். டாக்டரம்மா நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சுகர் ரொம்ப நல்லா கன்ட்ரோல்ல இருக்கும்மா. இத்தனை வருஷத்துல இப்பதான் ஒழுங்கா மாத்திரை போடுறீங்க" என்றார். நீ என் கையைப் பிடித்து, "பாத்தியாம்மா, சொன்னா கேக்கணும்" என்று சிரித்தாய். பஸ்ஸில் வரும்போதும் அதையே சொல்லிக்கொண்டு வந்தாய். ஒழுங்காக எல்லாம் போடவில்லை பாப்பா. பங்கு போட ஆள் இல்லை. இப்போது முழு மாத்திரை போடுகிறேன். கண்கூடத் தெளிந்துவிட்டது. ஊசியில் நூல் கோக்க முடிகிறது.

அஞ்சலையிடம் மட்டும் இதையெல்லாம் சொன்னேன். அவள் பதறிவிட்டாள். "ஏன்டி, பொண்ணு இன்டர்வியூவுக்குப் போற நேரத்துலயா சொல்லுவ? மனசு ஒடஞ்சி அங்க போயி ஒளறிட்டு வரப் போவுது. முடிஞ்சு வரட்டும், பத்து நாள் பொறு" என்றாள். அவள் சொல்வது நியாயம்தான். நீ இதைப் படித்துவிட்டுப் பதில் தடுமாறி, வேலை கிடைக்காமல் போனால் அதுவும் என்னால்தான். அதையும் யோசித்துவிட்டேன். இந்தக் கடிதத்தை உன் துணிகளுக்கு நடுவில் வைத்துவிட்டால் எங்கேயாவது ரயிலில் படிப்பாய், திட்டுவதற்கு நான் பக்கத்தில் இருக்கமாட்டேன் என்றும் யோசித்தேன். அது எனக்குச் சுலபம்.

அப்படிச் செய்யப் போவதில்லை. நீ இப்போது உள்ளே அந்தப் பதிலைத்தான் மறுபடியும் சொல்லிக்கொண்டிருக்கிறாய், என் அண்ணன் என்கிற இடத்துக்கு வந்துவிட்டாய். பொறு என்று இன்னொரு பிள்ளையிடம் சொல்ல எனக்கு வாய் வராது. எழுந்து வருகிறேன். இந்தத் தடவை டீ இல்லை.

அம்மா